ஒத்தையடிப் பாதையில நித்யா கல்யாணம்

கல்யாண வீடியோ தொழில்ல மாப்பிள்ளையோட சித்தப்பாவைக்கூட சமாளிச்சுடலாம், நெட்டோட அப்லோடைச் சமாளிக்க முடியாது. உங்க போன்ல வட்டம் சுத்தறப்ப யாரையோ திட்டுவீங்களே, அந்த வட்டத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கினு திட்டு வாங்கறவ நான்தான்.

உத்திரமேரூர்ல எங்க ஸ்டுடியோ. வூட்டுக்காரர் மோகன் கேமரா, நான் எடிட்டிங். பென்டிரைவ் குடுத்தா ஒரே வாரத்துல தொலைச்சுட்டு வந்து நிக்கறாங்க. நெட்ல பொதுவா ஏத்தினா, சினிமாப் பாட்டு வர்ற இடத்துல எல்லாம் காப்பிரைட்டுன்னு சத்தத்தை அறுத்துடறாங்க. அதனால ஒரு பழைய கம்ப்யூட்டர்ல எல்லார் வீடியோவையும் போட்டு எங்க வூட்லயே வெச்சிருக்கோம். லிங்க்கைத் தட்டினா அவங்கவங்க டிவியில, போன்ல ஓடும். கல்யாணத்தை நேரலையா காட்டறதும் இது வழியாத்தான். ஆனா எங்க நெட்டுல உள்ள வர்றது பைபாஸ் ரோடு, வெளிய போறது ஒத்தையடிப் பாதை. கூட ரெண்டு பேர் நடந்தாலே இடிச்சுக்கும்.

மூஞ்சி தெரிஞ்சா போதும்

திருமுக்கூடல் சரோஜாக்கா, அவங்க பொண்ணு நித்யா கல்யாணத்துக்கு புக் பண்ண வந்தாங்க. அவங்க வூட்டுக்காரர் ஏகாம்பரம் அண்ணன் குவைத்துல டிரைவர். லீவு தர்றேன்னு சொன்ன கம்பெனி கடைசி நேரத்துல கைய விரிச்சிடுச்சி. பெத்த அப்பன் இல்லாமலே கல்யாணம், அவரு அங்க இருந்தே நேரலையில பாக்கணுமாம்.

"அதெல்லாம் தியேட்டர்ல பாக்கற மாதிரி தெரியும்க்கா"ன்னு மோகன் நெஞ்சை நிமித்திக்கினு சொல்லிட்டாரு. மேஜைக்கு அடியில அவர் கால மிதிச்சேன், ஒறைக்கல. அக்கா என் பக்கம் திரும்பி கையப் புடிச்சுக்கினாங்க. "அவரு முழு கல்யாணமும் கேக்கல மா. தாலி கட்டற நேரத்துல பொண்ணு மூஞ்சி தெரியணும், அவ்ளோதான்."

மாகறல்ல நாள் முழுக்க காதுகுத்து

சரி, நம்ம பாதையில யார் யார் நடக்கறாங்கன்னு பாக்கலாமேன்னு உக்காந்தேன். யாரோட வீடியோ ஓடுதுன்னு கம்ப்யூட்டர்லயே தெரியும். மாகறல்ல ஒரு வூட்ல காலையில ஆரம்பிச்சு பொழுது சாயற வரைக்கும் காதுகுத்து வீடியோ ஓடிக்கினே இருந்திச்சி. பேரன் மேல இன்னா பாசம்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. போன் பண்ணினேன். அந்தம்மா நாத்து நட்டுக்கினு இருந்தாங்க. வூட்ல யாரும் இல்லியாம்! அப்ப யாருக்கும்மா வீடியோன்னு கேட்டா, "திருடனுக்குத்தான். ஆளுங்க பேசிக்கினு இருக்கற மாதிரி கேட்டா உள்ள வரமாட்டான்ல?"ன்றாங்க.

முகூர்த்தத்தன்னைக்கு மட்டும் ரேடியோ போட்டுக்கோங்கம்மான்னு கெஞ்சினேன். "ரேடியோல எங்க நாத்தனார் குரலு வராதே! அந்தக் குரலைக் கேட்டா திருடன் இன்னா, நாங்களே வூட்டுக்குள்ள போவ யோசிப்போம்."

ஒருத்தருக்கு ரோடா?

பாதையையே அகலமாக்கிட்டா என்னன்னு நெட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்தாரு, டப்பாவைத் தட்டினாரு, டீ குடிச்சாரு. நல்ல லைன் எங்க தெருவுக்கு எப்ப வரும்னு கேட்டதுக்கு, "ஊர்ல எல்லாரும் பாக்கறவங்க மேடம். காட்டறவங்க நீங்க ஒருத்தர்தான். ஒருத்தருக்காக ரோடு போட முடியுமா?"ன்னாரு. அவரு நல்லவேளை, டீய ஏற்கெனவே குடுத்துத் தொலைச்சிட்டேன்.

பாக்காதீங்க

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பழைய கஸ்டமருங்க குரூப்ல பேசி அனுப்பினேன்: நாளைக்குக் காலையில ஒரு அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பொண்ணு கல்யாணத்தைப் பாக்கணும், தாலி கட்டற வரைக்கும் யாரும் எந்த வீடியோவும் ஓட்டாதீங்க, புண்ணியமாப் போவும். நம்ம சனங்க தங்கம்! எல்லாரும் சரின்னாங்க, மாகறல் அம்மா உள்பட. பழையசீவரத்துப் பொண்ணு ஒண்ணு மட்டும் தனியா எழுதிச்சி: "நான் பாக்கவே மாட்டேன்க்கா. எந்தக் கல்யாணம்னு மட்டும் லிங்க் அனுப்புங்க."

கெட்டிமேளத்துக்கு முன்னாடி

மோகன் மண்டபத்துல, நான் வூட்ல கம்ப்யூட்டர் முன்னாடி; அவர் எடுக்கற படம் இங்க வந்துதான் வெளிய போவும். ஒரு போன்ல மோகன், இன்னொரு போன்ல ஏகாம்பரம் அண்ணன். பொண்ணை மேடைக்கு கூட்டிக்கினு வர்ற வரைக்கும் அண்ணன் "ஜோரா கீது மா"ன்னு சிரிச்சுக்கினு இருந்தாரு. ஐயர் தாலித் தட்டைச் சனங்க கிட்ட ஆசீர்வாதத்துக்கு அனுப்பினாரு பாருங்க, படம் நின்னுடுச்சி. "மா, சுத்துது மா! பொண்ணு மூஞ்சி கட்டம் கட்டமா கீது!"

பாத்தா, கும்பலு கும்பலா பாக்கறாங்க! எல்லாம் ஒரே லிங்க்கு, பாக்கறவங்க வெறும் நம்பராத்தான் தெரியும். அதுல குவைத்து எதுன்னு எனக்கு இன்னா தெரியும்? கண்ண மூடிக்கினு வெட்டினா அண்ணனையே வெட்டிடுவேன். எவன் இவ்ளோ பேரு? கஸ்டமருங்க எல்லாம் சரின்னாங்களே, ஒருவேளை மண்டபத்துலயேவா? "யோவ், கேமராவ சனங்க பக்கம் திருப்பு"ன்னு கத்தினேன்.

திருப்பினாரு. எனக்கு உள்ள வர்ற படத்துல நல்லாவே தெரிஞ்சிது. மண்டபம் முழுக்க குனிஞ்ச தலை, ஆளுக்கொரு போன். கல்யாணத்துக்கு வந்து உக்காந்துக்கினு அதே கல்யாணத்தைப் போன்ல பாக்கறாங்க! ஏன்னு கேளுய்யான்னேன். முன்வரிசைப் பெரியவர் சொன்ன பதில் போன்லயே கேட்டுது: "மேடையில உன் முதுகு, போட்டோக்காரன் முதுகு, லைட்டுக்காரன் முதுகுதான்பா தெரியுது. சரோஜா லிங்க் குடுத்துச்சி, இதுல நல்லா கீது."

"எறங்குய்யா! போட்டோக்காரன், லைட்டுக்காரன் எல்லாரையும் இட்டுக்கினு கீழ எறங்கு!"

மோகன் கேமராவப் பொண்ணு பக்கம் திருப்பி ஓரமா ஸ்டாண்டுல நிறுத்திட்டு, போட்டோக்காரன், லைட்டுக்காரன் சட்டையப் புடிச்சு இழுத்துக்கினு எறங்கினாரு. மண்டபம் தலை தூக்கிச்சி. போனெல்லாம் மடியில கவுந்துச்சி. இங்க நம்பருங்க மளமளன்னு எறங்கிச்சி, வெளிய போற படம் துடைச்ச மாதிரி தெளிஞ்சிது. கெட்டிமேளம்!

குவைத்துல மூக்கைச் சிந்தற சத்தம். "தெரியறா மா. குனிஞ்சிக்கினு கீறா. ஒரு தபா நிமிரச் சொல்லு மா." நான் மோகன்கிட்ட சொல்ல, மோகன் மேடைக்குக் கீழ இருந்து கத்த, நித்யா நிமிந்து நேரா கேமராவப் பாத்துச்சி. நானும் அழுதேன், அதுல இன்னா வெக்கம்.

பந்தியில அந்த முன்வரிசைப் பெரியவர் மோகனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சாராம். "எத்தினியோ வருசமா கல்யாணத்துக்கு வந்துக்கினு கீறேன்பா, இன்னிக்குத்தான் தாலி கட்டறத கண்ணால பாத்தேன்."

பாதையை அகலமாக்க நான் யார் யார் கால்லயோ விழுந்தேன், கடைசியில குறுக்க நின்னது என் வூட்டுக்காரர்தான்.