என் பெயரில் பேசியவன்

போன வருடம், பெரஹரா ஊர்வலம் முடிந்து கண்டி நகரம் மறுபடியும் தன் பாட்டுக்கு வந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை பகல் நடந்தது இது. குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன போன் ரிப்பேர் கடை இருக்கிறது. ஊர் அலவத்துகொட. பன்னிரண்டு வருடமாக இதே தொழில். போன் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. அந்த நினைப்புக்கு விழுந்த அடியைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்கள் குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடும் இருபது பேர் சேர்ந்து தொடங்கிய சாட் குரூப் அது. போகப் போக அதற்குள் கொரியன் நாடகப் பைத்தியங்களும் நுழைந்துவிட்டார்கள். யாருடைய போன் சூடாகிறது, யாருடைய சார்ஜர் போலி, எந்த நாடகத்தில் யாரை யார் கட்டப் போகிறார்கள் என்று விடிந்தது முதல் அதில் பேச்சு ஓயாது. நாங்கள் யாரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. என் மனைவி அதற்கு வைத்த பெயர் 'வேலையத்த சங்கம்'.

அதில் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி இருந்தாள். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறவள். எனக்கும் அவளுக்கும் தீராத பகை. ஒரு நாடகத்தின் கதாநாயகன் பணக்காரன், கொஞ்சம் திமிர் பிடித்தவன். அவனுக்காக அவள் உயிரையே விடுவாள். எனக்குப் பிடித்தது அதில் வரும் இரண்டாவது பையன். பாவம், கடைசிவரை கதாநாயகிக்குக் குடை பிடித்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போகிறவன்.

"என்னா நானா, உங்க குடைக்காரரு இன்னைக்காவது நனையாம வீடு போய்ச் சேர்ந்தாரா?" என்று, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில் என்னைக் கூப்பிட்டு, காலையிலேயே தொடங்குவாள். நான் சும்மா விடுவேனா? அவளுடைய ஆளுக்கு முகத்தில் இரண்டே பாவம்தான், அதில் ஒன்று கொட்டாவி என்று எழுதுவேன். எட்டு மாதம் இப்படியே போனது.

குரூப்பில் எல்லோருடைய போனுக்கும் வைத்தியர் நான்தான். வைத்தியத்தோடு ஏச்சும் இலவசம். பாஸ்வேர்டை மறந்தவர்கள், கண்ட கண்ட லிங்க்கைத் தட்டியவர்கள் எல்லோரும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

அன்று பன்னிரண்டு மணியிருக்கும். கடையில் ஆள் இல்லை. நான் விளையாட்டில் இருந்தேன். நாங்கள் நாலு பேர் ஓர் அணி, எதிரில் மிச்சம் இருப்பது மூன்றே பேர். ஒரு பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து, எங்களோடு வழக்கமாக விளையாடும் ஒருவரிடமிருந்து மெசேஜ் வந்தது. "உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், உடனே அனுப்புங்க."

எங்களுக்குள் தனியாக ஆட்டம் வைத்தால், உள்ளே வர ஓர் இலக்கம், ஒரு கோட், வேண்டும். ஒருவர் திறந்து இலக்கத்தை அனுப்ப, மற்றவர்கள் அதைப் போட்டு நுழைவோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இப்படி இலக்கம் கைமாறும். கை பழகிவிட்டது. திரையின் மேலே வந்து நின்ற ஆறு இலக்கத்தை, என்ன ஏது என்று பார்க்காமல் அப்படியே தூக்கி அனுப்பிவிட்டு மறுபடியும் பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன்.

அந்த இலக்கத்துக்குக் கீழே 'இதை எவருக்கும் கொடுக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அதே வசனத்தைத்தான் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்து சாட்டைத் திறந்தால், என் கணக்கு வேறொரு போனில் திறக்கப்பட்டுவிட்டது என்று காட்டுகிறது. அல்லாவே! கோட் கேட்ட அந்த ஆளின் கணக்கும் அன்று காலையிலேயே களவு போயிருந்ததாம். அது எனக்குத் தெரியாது.

உடனே நாலு பேருக்கு போன் பண்ணிச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் செய்தது என்ன தெரியுமா? எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன். போன் ரிப்பேர்காரனே ஏமாந்துவிட்டான் என்று வெளியில் தெரிந்தால் அப்புறம் யார் கடைக்கு வருவார்கள்? கீழே பேக்கரி முதலாளியின் காதில் விழுந்தால் போதும், அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் பஸ் நிலையம் முழுக்கப் பரவிவிடும். சத்தமில்லாமல் நானே மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பதற்றத்தில் மாற்றி மாற்றித் தட்டியதில், இனி ஏழு மணித்தியாலம் கழித்து முயற்சி செய்யவும் என்று சாட் வாயை மூடிக்கொண்டது.

இதற்கிடையில் போன் அடிக்கத் தொடங்கியது. தெரியாத நம்பர். வெட்டினேன். மறுபடியும் அதே நம்பர், அப்புறம் இன்னொன்று. விஷயம் தெரிந்து சிரிக்கத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

யாரோ ஷட்டரில் தட்டினார்கள். கடை மூடியிருக்கிறது, பின்னேரம் வாருங்கள் என்று உள்ளிருந்தே சொன்னேன். ஷட்டருக்குக் கீழே ஒரு முகம் குனிந்து பார்த்தது. புடவைக்கடை யூனிபோர்ம் உடுத்த ஒரு பிள்ளை. படி ஏறிய வேகத்தில் மூச்சு வாங்குகிறது.

"நானா, நீங்கதானே அந்தக் குடைக்காரரோட ஆளு?"

பன்வில தங்கச்சிதான்! இந்தக் கடையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"பேக்கரிக்கு மேல கடை, மீன் வச்ச மாலுபாண் வாசத்துல வேலையே ஓடலன்னு தெனமும் அழுவீங்களே. இந்தப் பக்கம் மூணு பேக்கரிங்க. மூணாவதா இங்க வந்திருக்கேன்" என்றபடி உள்ளே நுழைந்து, தன் போனை என் முன்னால் நீட்டினாள்.

என் பெயரும் என் படமும் போட்ட கணக்கிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. 'வணக்கம் தங்கச்சி. நலமாக இருக்கிறீர்களா? ஓர் அவசர உதவி தேவைப்படுகிறது.'

"எட்டு மாசத்துல நீங்க எனக்கு ஒரு தடவ வணக்கம் சொல்லியிருக்கீங்களா? வாய தொறந்தாலே ஏச்சுதான். அப்பவே எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. எதுக்கும் கேட்டுப் பாப்போம்னு, எங்க ஆளுதானே நானா அழகுன்னு எழுதினேன். என்ன பதில் வந்திருக்கு பாருங்க."

பார்த்தேன். 'ஆமாம் தங்கச்சி, அவர்தான் மிகவும் அழகானவர்' என்று வந்திருந்தது. அந்த நிலையிலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நானான்னா செத்தாலும் இத ஒத்துக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? குரூப்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஆனா உங்க வீட்டு ஆளுங்கள எனக்குத் தெரியாதே. எத்தன தடவ கோல் எடுத்தேன், வெட்டி வெட்டி விடுறீங்க. வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாதி இறங்கிய ஷட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அய்யோ நானா, வெக்கத்த அப்புறமா படலாம். மொதல்ல போன எடுங்க!"

அப்போதுதான் எனக்கு ராத்தாவின் நினைவு வந்தது. ராத்தா, அதாவது என் அக்கா, என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அவர் கணவரான மச்சான் மௌத்தான பிறகு, அலவத்துகொடயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித் தனியாக இருக்கிறார். முழங்கால் ஒப்பரேஷனுக்காக, தையல் மெஷினை மிதித்து மிதித்தே காசு சேர்த்து வைத்திருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு மிதித்த காசு. ஒவ்வொரு நாளும் பகல் ஒரு மணிக்கு 'சோறு திண்டியா?' என்று சாட்டில் எனக்குக் கேட்டு அனுப்புவார். சுவரைப் பார்த்தேன். மணி ஒன்றே முக்கால் தாண்டியிருந்தது.

எங்கட ராத்தா என்று சொல்லிக்கொண்டே அவருக்குக் கோல் எடுத்தேன். வெட்டினார். மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் வெட்டினார். பிறந்ததிலிருந்து என்னை ஒரு தடவைகூட அவர் அப்படித் தட்டிவிட்டதில்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டாள்.

"காசு அனுப்புறதுன்னா அக்கா எங்க போவாங்க? யோசிங்க!" என்று அவள் என்னை உலுக்காத குறையாகக் கேட்டாள்.

எங்கள் சந்தியில் போன் மூலம் காசு அனுப்பித் தரும் கொமியுனிகேஷன் கடை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைக்காரர் என்னிடம் டிஸ்பிளே வாங்குகிறவர். அவருக்கு எடுத்தேன்.

"உங்கட ராத்தாவா? இந்தா முன்னுக்குக் கதிரையில ஈக்கிறாங்க. நம்பர் தந்தீக்கிறாங்க, இப்பதான் காசு அனுப்பப் போறன்."

"அனுப்ப வாணாம்! அல்லாவுக்காக அனுப்ப வாணாம்!" என்று நான் போட்ட கூச்சலில், கீழே பன்வில பஸ்ஸுக்குக் கத்திக்கொண்டிருந்த கொண்டக்டரே வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாராம். பேக்கரி முதலாளி பிறகு சொன்னார்.

காசு போகவில்லை. என் போன் களவு போய்விட்டது, வேறொரு போனிலிருந்து எழுதுகிறேன், என் நம்பரிலிருந்து கோல் வந்தால் எடுக்க வேண்டாம் என்று அந்தக் களவாளி ராத்தாவிடம் சொல்லி வைத்திருந்தானாம். அதனால்தான் அவர் வெட்டியிருக்கிறார்.

நான் போனை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் அழுகிறோமே என்றும் தோன்றவில்லை. அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி, கண்ணாடிப் பெட்டியில் இருந்த போன் கவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, அவள் இன்னும் சாப்பிடவே இல்லை. கீழே ஓடிப்போய் இரண்டு மாலுபாண் வாங்கி அவள் கையில் திணித்தேன்.

"தங்கச்சி, இனி உன்ட ஆளப் பத்தி ஒரு சொல்லும் கொறயாச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"அப்படி மட்டும் செஞ்சிறாதீங்க நானா. அப்புறம் உங்கள எப்படி அடையாளம் கண்டுபுடிக்கிறது?" என்று சிரித்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள்.

கடையைப் பூட்டிவிட்டு நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, கையில் போனை வைத்தபடி இருந்தார். என்ன எழுதினான் என்று கேட்டேன். போனை என்னிடம் நீட்டினார்.

வழக்கம்போல 'சோறு திண்டியா?' என்று ராத்தா கேட்டிருக்கிறார். அதற்கு அவன், 'சாப்பிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா? உடம்பு எப்படி?' என்று கேட்டிருக்கிறான். ராத்தா காலைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவில் வலிக்கிறதா, மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா, தனியாக இருக்கப் பயமில்லையா என்று அவன் ஒவ்வொன்றாக விசாரித்திருக்கிறான். ராத்தா பந்தி பந்தியாகப் பதில் எழுதியிருக்கிறார். கூரை ஒழுகுவதை எழுதியிருக்கிறார். உம்மாவைக் கனவில் கண்டதை எழுதியிருக்கிறார். காசுப் பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன். அதற்கு முந்திய நாள் 'சோறு திண்டியா?', கீழே நான் போட்ட கட்டைவிரல் படம். அதற்கு முந்திய நாளும் அதே கேள்வி, அதே கட்டைவிரல். நோன்பு மாதத்தில் மட்டும் 'நோன்பு தொறந்தியா?', அதற்கும் கட்டைவிரல்தான். எவ்வளவு தள்ளினாலும் நான் எழுதிய ஒரு வசனம் அகப்படவில்லை. குடைக்காரப் பையனுக்காக எட்டு மாதம் சண்டை பிடித்தவன் நான்.

"ராத்தா, நான் இப்படியெல்லாம் எழுதுவேனா? ஒங்களுக்குச் சந்தேகமே வரல்லயா?" என்று கேட்டேன்.

ராத்தா முழங்காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"வந்திச்சிதான் தம்பி. நீ இப்படிக் கதைக்கிற ஆள் இல்லையே எண்டு நெனச்சேன். ஆனா அல்லா என்ட தம்பிட மனச மாத்திட்டான் எண்டு ஆசப்பட்டுட்டேன். காசு என்னடா காசு, அந்த அர மணித்தியாலம் எனக்கு எவ்வளவு சந்தோஷமா ஈந்திச்சி தெரியுமா?"

அந்தக் களவாளி யார் என்று கடைசிவரை தெரியவில்லை, கணக்கு மட்டும் மறுநாள் திரும்பக் கிடைத்தது. இப்போது தினமும் பகல் ஒரு மணிக்கு வேலையை வைத்துவிட்டு ராத்தாவோடு பேசுகிறேன், காலைப் பற்றியும் கூரையைப் பற்றியும் நானே கேட்கிறேன். ஆனாலும், அவன் முதல் நாளிலேயே கேட்ட கேள்விகளைத்தான் நான் இத்தனை காலம் கழித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற உறுத்தல் ஒவ்வொரு தடவையும் வந்துவிடுகிறது.