ஏலம் போன ஐந்து புறாக்கள்

2008 நவம்பர் 15, சனிக்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். அரை மணி நேரம் ஜெபம். பிறகு மறுநாள் ஆராதனைக்கான பிரசங்கக் குறிப்பை எடுத்து இரண்டு இடங்களில் திருத்தினேன். ஐந்தரைக்கு மின்சாரம் போயிற்று. அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் மின்வெட்டு இல்லாத நாள் இல்லை. மாடிக்குப் போய், இரவு மழையில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, புறாக்கூண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். தீனி வைத்தேன். தண்ணீர் மாற்றினேன்.

கூண்டில் நான்கு புறாக்கள் இருந்தன. இருந்திருக்கக் கூடாது. முந்தைய ஞாயிறு எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் அவற்றை நான் ஏலத்துக்குக் கொடுத்திருந்தேன். ஏலம் போய், பணம் உண்டியலில் சேர்ந்து, வாங்கியவர்கள் கையோடு எடுத்துக்கொண்டும் போயிருந்தார்கள்.

நான் போதகர் ஆனது முப்பத்தொன்பதாவது வயதில். அதற்கு முன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கும் வேலை. விருப்ப ஓய்வு கொடுத்தபோது வந்த தொகையை அஞ்சலகத்தில் போட்டேன். அதன் மாத வட்டியில்தான் என் புறாக்கள் தின்றன. வீடு திரும்பப் பழக்கிய ஹோமர் வகைப் புறாக்கள் அவை. நல்ல வம்சத்துக் குஞ்சு ஒன்றின் விலைக்கு ஒரு குடும்பத்துக்கு மாத மளிகை வாங்கலாம். தீனியும் மருந்தும் தனி. பந்தயங்களில் நான் சேர்ந்ததில்லை. அங்கே பணம் கட்டுவார்கள். கூடையோடு வடக்கே போகும் ரயிலில் ஏறி, சூலூர்பேட்டையிலோ நாயுடுபேட்டையிலோ கூடூரிலோ திறந்துவிட்டுத் திரும்பி வருவேன். நான் வீடு சேரும் முன்பே அவை வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். "டிக்கெட் நீக்கா, பாவுரானிக்கா, நைனா?" என்று ஒருமுறை ரயிலில் ஒரு பெரியவர், டிக்கெட் எனக்கா புறாவுக்கா என்று தெலுங்கில் கேலி செய்தார். எனக்கு இருந்த ஒரே இன்பச் செலவு இந்தப் புறாக்கள்தான்.

சபைக் காணிக்கையை நான் கையால் தொட்டதில்லை. எண்ணுவது இரண்டு பேர், வங்கியில் கட்டுவது பொருளாளர். எனவே என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் இரும்பு உருட்டு ஆலைகள் ஒரே ஷிப்டுக்குச் சுருங்கின. ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் அப்படிப்பட்ட குடும்பங்கள். ஒரு நாள் கவரைப்பேட்டையிலிருந்து பட்டாணி மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற எங்கள் சபைப் பெண்கள் எனக்கு வழி விட்டார்கள்.

"பாஸ்டர் ஊட்டுல இன்னா விருந்தா? மூட்டையா போவுது!"

"ஏ, அது புறாவுக்குடி."

"குடுத்து வெச்ச புறா."

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அஞ்சலக வட்டி என்று வரிசையில் நிற்பவர்களிடம் விளக்க முடியாது. விளக்கினாலும் பட்டாணி பட்டாணிதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் விற்கப்போகிறேன் என்றேன். "விக்கணும்னா மெட்ராஸ்ல வுடுங்க, வெல கெடைக்கும். சபைல யாரு வாங்குவா?" என்றாள். எனக்கு வேறு எண்ணம். அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் கையால் விளைவித்ததைக் கொண்டுவர வேண்டும். வயலில் வேலை செய்த காலத்தில் நெல்லும் பூசணியும் வந்தன. ஆலைக்குப் போகத் தொடங்கிய பின் கோழி, கேக், பிளாஸ்டிக் குடம் என்று மாறியது. என் கையால் வளர்ந்தது புறா ஒன்றுதான். இருந்த ஐந்தையும் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பொருளுக்கு விலை கிடையாது, அன்புக்குத்தான். ஒரு எலுமிச்சம்பழத்தை ஒருவர் எடுப்பார். எடுத்த கையோடு திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். வாங்கியதைத் திருப்பித் தருவது அங்கே வழக்கம். பத்து வருடமாகப் பார்த்துவரும் வழக்கம்.

ஏலம் விட்டவர் எங்கள் பொருளாளர். எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரல் நல்ல கனம்.

"பாஸ்டர் ஊட்டுப் புறா! மூணு வேள ஜெபம் கேட்ட புறா!"

"வசனம் சொல்லுமா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர்.

"சொல்லாது. காணிக்கையும் கேக்காது. அந்த ஒண்ணுக்கே எடுக்கலாம்யா!"

சபை முழுக்கச் சிரித்தது. நான்கு புறாக்கள் மளமளவென்று போயின. ஐந்தாவது, நீலச் சாம்பல் நிறப் பெட்டை. என்னிடம் இருந்ததில் சிறந்தது. அதற்கு ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேரும் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் ஒருத்தியும் கேட்டார்கள். அவள் ஒரு ஆலையின் கேண்டீனில் பாத்திரம் தேய்ப்பவள். கணவர் ஈஸ்டருக்குப் பிறகு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து கட்டிலில் இருந்தார். மாதத்தின் முதல் வியாழன் அவருக்காக ஜெபிக்க அந்த வீட்டுக்குப் போவேன். ஏலத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று விடாமல் ஏற்றினாள். கடைசியில் ஆண்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

ஐந்தின் சிறகுகளையும் நானே நூலால் கட்டிக் கொடுத்தேன். வாங்கியவர்களிடம் தனித்தனியாகச் சொன்னேன்: மூன்று மாதம் நூலை அவிழ்க்க வேண்டாம், அவிழ்த்தால் நேராக என் மாடிக்கு வந்துவிடும். அவர்கள் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார்கள்.

செவ்வாய் ஒன்று வந்தது. புதன் ஒன்று. வியாழன் ஒன்று. வெள்ளி ஒன்று.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பொருளாளர் சைக்கிளில் வந்தார். வாசலிலேயே, "இன்னா பாஸ்டர், விருந்தாளிங்கோ வந்துட்டாங்களா?" என்றார். முகத்தில் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

"இது உங்க வேலையா?"

"யாரு வேலையா இருந்தா இன்னா? ஏலத்துல எடுத்தோம், எங்க பொருளு. நூலை அவுத்தோம். அது எங்க போனா எங்குளுக்கு இன்னா தெரியும்?"

"ஷிப்ட் இல்லாம உக்காந்திருக்கிறவங்க பணங்க அது."

"தெரியும். உண்டியல்லதான கீது? திருடினு போவலியே."

"பணம் கொடுத்தது அவங்க, புறா என்கிட்ட. அப்ப என் புறாவுக்கு அவங்க பணம் கட்டின மாதிரிதானே?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "பேஜாரு பண்ணாதீங்க பாஸ்டர். எப்பவும் நீங்கதான் எங்க ஊட்டுக்கு அரிசி தூக்கினு வர்றீங்க. ஒரு தபா நாங்க குடுத்தா வாங்கிக்கக் கூடாதா? குடுக்கறதுல இருக்கிற சொகம் உங்குளுக்கு மட்டுந்தானா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் சபை முன்னால் ஏலம் விட்டதை நானே வைத்துக்கொண்டு, மறுநாள் ஆராதனையில் காணிக்கை கொடுங்கள் என்று எப்படிக் கேட்பேன்? பழவேற்காட்டில் புறாக்களைப் பறக்கவிடாமல் அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் ஒரு பாய் எனக்குப் பழக்கம். பொருளாளர் எதிரிலேயே அவருக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வந்து நான்கையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் தரும் பணத்தில் வேலையில்லாத வீடுகளுக்கு அரிசி வாங்கிப் போடும்படி பொருளாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

"ஆசையாக் குடுத்தத விக்கிறீங்க. சரி" என்றார். டீ குடிக்காமல் எழுந்தார். சைக்கிள் ஸ்டாண்டை ஒருமுறை தட்டினாலே போதும். மூன்று முறை தட்டினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்தாவது புறா, அந்த நீலச் சாம்பல் பெட்டை, வந்தது. அது இறங்கிய விதமே சரியில்லை. பலகையில் ஒற்றைக் காலில் நின்றது. பிடித்துப் பார்த்தேன். இடது காலில் நைலான் கயிறு ஒரு முழ நீளம் தொங்கியது, முனை பிய்ந்திருந்தது. கயிறு இறுக்கிய இடத்தில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

துணி காயவைக்க வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "இது தொறந்து வுட்டது இல்லீங்க. அத்துக்கினு வந்திருக்கு" என்றாள்.

காலைக் கழுவி மஞ்சள் வைத்து, புறாவைத் தனியே அடைத்துவிட்டு, ஐந்து மணிக்கு அதை ஏலத்தில் எடுத்த கேண்டீன் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் தேடிவிட்டு வந்திருந்தாள். சேலை முழங்கால் வரை சேறு. ஆலைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் முள்செடிகள் வரைக்கும் போயிருக்கிறாள்.

"உங்க ஊட்டுக்கு வந்துட்ச்சா பாஸ்டர்? அப்பாடா. நூலு ரெக்கைய அறுக்குதேன்னு அவுத்துட்டு கட்டில் கால்ல கட்டிப் போட்டேன். மத்தியானம் வந்து பாத்தா காணோம்."

"நீங்களும் எனக்குத் திருப்பித் தரத்தான் எடுத்தீங்கன்னு நெனைச்சேம்மா."

அவள் கட்டிலைப் பார்த்தாள். கணவர் கண்ணை மூடியிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவருக்குப் பாஸ்டர். புறாக் கறி சூடு, வாதத்துக்குக் குடுத்தா நரம்பு எழும்பும்னு சொல்றாங்கோ. கடைல வாங்கி ரெண்டு தபா குடுத்தேன். அது கூண்டுலயே கெடக்கிற புறா, அதுல இன்னா சத்து இருக்கும்? உங்குளுது கூடூர்லேர்ந்து ஒன்றர மணி நேரத்துல வருதுன்னு நீங்கதான் பிரசங்கத்துல சொன்னீங்கோ. அவ்ளோ தூரம் பறக்கிற ரெக்கைல எவ்ளோ பலம் இருக்கும்! அதான் அத்தயே கேட்டேன்."

சொன்னது உண்மைதான். விசுவாசத்தோடு வீடு திரும்புதல் பற்றிய பிரசங்கம். தூரம், நேரம் எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தேன்.

"ஆறு நாளா ஏன் வெச்சிருந்தீங்க?"

"கை வரல" என்றாள். "கண்ண கண்ண முழிச்சிப் பாக்குது. நாளைக்கி செய்யலாம், நாளைக்கி செய்யலாம்னே இருந்துட்டேன்."

புறாக் கறியில் வாதம் தீராது என்று அவளிடம் சொன்னேன். அரசு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும் என்றேன். செய்கிறோம் என்றாள், தினம் இரண்டு வேளை அவள்தான் அவர் கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள். நாட்டுக்கோழி வாங்கித் தருகிறேன் என்றேன். ஏலத்தில் கட்டியதை என் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது யாருக்காகச் சொல்வது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வேணாம் பாஸ்டர். எல்லாரும் உங்குளுக்குத் திருப்பி வுட்டாங்களாமே. எனக்கு அது தெரியாது, தெரிஞ்சிருந்தா கேட்டே இருக்க மாட்டேன். நாலு பேரு இன்னா நெனப்பாங்கோ? பாஸ்டர் புறாவ அறுத்துத் துன்னான்னுவாங்கோ. உங்ககிட்டயே இருக்கட்டும், அதுவா வந்த பொருளு."

கட்டிலில் அவர் கண்ணைத் திறந்திருந்தார். இடது கையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. எல்லாம் கேட்டிருக்கிறது.

அவர்கள் இருவரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். நான் சரி என்று சொல்லி ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்தால் போதும். பறவை எனக்கு, நல்ல பெயர் அவளுக்கு, யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அத்தனை பேர் நடுவில் விடாமல் ஏற்றிக் கேட்டாளே, அது என் மேல் உள்ள அன்பில் அல்ல. அந்த ஏலத்தில் பொருள் தேவைப்பட்டு வாங்கியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு விற்றது மட்டும்தான் உண்மையான விற்பனை.

"அது உங்களுதும்மா. காலைல கொண்டாரேன். அறுக்க நீங்க கை வைக்க வேணாம், நானே செய்றேன்" என்றேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "மொளகு அரைச்சி வெக்கிறேன்" என்றாள்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பிடும்போது, "கோழி எடுத்தும் போலாம்ல?" என்றாள்.

"அவங்க ஏலத்துல எடுத்தது கோழி இல்ல" என்றேன்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமான ஜெபத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதல் வேலையாக மாடிக்குப் போனேன். விடிய இன்னும் நேரம் இருந்தது. இருட்டில் புறாக்கள் அசையாது; கை வைத்ததும் அந்தப் பெட்டை தானாக உள்ளங்கையில் அமர்ந்தது. கூடையில் வைத்து மொபெட்டில் கொண்டுபோனேன். அவள் வாசலில் லாந்தரோடு நின்றாள். வீட்டின் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு நானே அறுத்தேன். இறகு நீக்கி, மஞ்சள் தடவி, கழுவி, அவள் வைத்திருந்த அலுமினியச் சட்டியில் போட்டு மூடி, அடுப்படி வாசலில் வைத்தேன்.

பிறகு கையை முழங்கை வரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஆராதனைக்கான முதல் மணியை அடிக்கக் கோயிலுக்குப் போனேன்.