மூடிய ஜன்னலும் ராதோய்காவின் முழங்காலும்

எங்கள் க்னியாஷெவட்ஸ் ஊர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ராதோய்காவுக்கு வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வலது முழங்கால் தேய்ந்துபோய், மேலே ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். குளிர்காலத்துக்குள் ஆபரேஷன் நடக்காவிட்டால் வேலையை விட்டு வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். பத்து கிலோ எடை இறக்காமல் காலைத் தொடமாட்டேன் என்று டாக்டர் தியானா கறாராகச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடக் கூடத்தில் மாலைதோறும் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள் அவளுடைய நாத்தனார் ஸகோர்கா. ஜூலை மாத வெக்கையிலும் அங்கே எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும். வேர்த்த உடம்பில் குறுக்குக்காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணிப்போகும் என்பது எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது. போதாக்குறைக்கு ராதோய்கா வயிற்றைச் சுற்றி பிளாஸ்டிக் தாளும் கட்டிக்கொண்டாள்.

"பாரு அண்ணி, கொழுப்பு சொட்டுச் சொட்டா ஒழுகுது!" என்பாள் ஸகோர்கா.

பத்து நிமிடத்தில் மூச்சு முட்டி ராதோய்கா பெஞ்சில் சாய்ந்துவிடுவாள். ஆனாலும் வகுப்பு முடிந்து ஏறினால், கூடத்துத் தராசு தினமும் வந்தபோது இருந்ததைவிட அரைக் கிலோ குறைவாகத்தான் காட்டும். அந்தத் தெம்பில், வீட்டுக்குப் போகும் வழியில் கறி அடைத்து எண்ணெய் சொட்டச் சுட்ட ஒரு புரெக் ரொட்டி. போனதும் ஒரு ஜாடி தண்ணீர்.

ஆகஸ்டில் டாக்டரின் தராசு பழைய எடையையே காட்டியது. ராதோய்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவ்வளவு வேர்வையும் எங்க போச்சு டாக்டர்?"

"போனது தண்ணிம்மா. வீட்ல குடிச்சீங்க, திரும்பி வந்துடுச்சு. வாயைக் கட்டுங்க. ஜன்னலைத் தொறந்துட்டு ரொம்ப நேரம் செய்யுங்க."

சொன்ன கையோடு டாக்டரே எழுந்து, பின்னாலிருந்த ஜன்னல் திறந்திருந்ததால் குறுக்குக்காற்று அடித்துவிடுமோ என்று, கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்தார்.

மறுநாள் ராதோய்கா கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு கூடத்து ஜன்னலைத் திறந்தாள். பயம் இல்லாமல் இல்லை. முழங்கால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எங்களையெல்லாம் கொல்லணும்னு கெளம்பிட்டியா அண்ணி?"

மற்றவர்கள் ஈரத் தலையைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அதன்பிறகு வகுப்புக்கு வந்தவள் ராதோய்கா ஒருத்திதான். வேர்வை அதிகமில்லை, முழு மணி நேரம் தாங்கினாள். ஸகோர்கா கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றபடி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள். புரெக்கும் நின்றுபோனது.

அக்டோபரில், எடை பார்க்கும் நாளன்று காலையில், இன்னும் அரைக் கிலோ குறைய வேண்டியிருந்தது. ராதோய்கா முழங்காலைப் பார்த்தாள். சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, துணைக்கு வந்திருந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"ஸகோர்கா, அந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துட்டு வா."

"அது வெறும் தண்ணின்னு நீதானே சொன்ன?"

"எனக்குத் தெரியும். தராசுக்குத் தெரியாதுல்ல? ஜன்னலைச் சாத்து."

டாக்டரின் தராசு சரியாகப் பத்து கிலோ குறைத்துக் காட்டியது. டாக்டர் தியானா அவளுடைய சிவந்த முகத்தையும் காய்ந்த உதட்டையும் சற்று நேரம் பார்த்தார். ஆபரேஷன் தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்தபிறகுதான் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப குடிங்க."