புகைப்பவர் பெட்டியில் ஒரு பதிகம்

எண்பதுகளின் பிற்பகுதியில், இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், லண்டனுக்குச் செல்லும் ரயிலில் இது நிகழ்ந்தது.

என் தங்கையின் மகளுக்கு அன்று நண்பகல் லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் திருமணம். தகப்பனை இழந்த பிள்ளை. அவர் இருந்த காலத்தில் அந்த வீட்டின் நற்காரியங்கள் யாவும் அவர் பாடும் பதிகத்துடன்தான் தொடங்கும். நான் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய அன்றே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மாமா பதிகம் பாடினாப் பிறகுதான் நான் மணவறைக்கு வருவன்.” அதைவிடப் பெரிய பொறுப்பை எனக்கு வேறு யாரும் தந்ததில்லை.

ஆனால் அந்நாட்டுக் குளிருக்கு என் தொண்டை ஒத்துழைக்கவில்லை. வந்த சில நாட்களிலேயே குரல் அடைத்துப்போயிற்று. எங்களவரான வைத்தியர் ஒருவர் பார்த்துவிட்டு, சுடுநீர் குடிக்கச் சொன்னார், பேச்சைக் குறைக்கச் சொன்னார், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்பக்கம் போகவே கூடாது என்றார். திருமண நாள் காலையில்தான் குரல் அரைகுறையாகத் திரும்பியிருந்தது.

நாங்கள் தங்கியிருந்தது தெற்கே ஒரு கடற்கரைப் பட்டினத்தில், உறவினர் வீட்டில். பெண்கள் முதல்நாளே காரில் போய்விட்டனர். நானும் என் மனைவியின் தம்பியும் ரயிலில் புறப்பட்டோம்.

மைத்துனரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர் சுருட்டுப் பிரியர். ஆனால் அக்காவின் கணவர் முன்னிலையில் புகைப்பது மரியாதைக் குறைவு என்பதால், தலை நரைத்த பின்பும் என் கண்ணில் படாமலே புகைத்து வந்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகையால் பயணம் என்றால் எப்போதும் வெவ்வேறு பெட்டிதான்.

ரயில் வந்து நின்றது. சில பெட்டிகளின் கண்ணாடியில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு சிகரெட் படம் ஒட்டியிருந்தது, சிலவற்றில் இல்லை. இதற்கு என்ன பொருள் என்று நான் தயங்கினேன். மைத்துனருக்குத் தயக்கமே இல்லை.

“இதிலை என்ன யோசினை அத்தான்? கடை போர்ட்டிலை மீன் கீறியிருந்தா உள்ளுக்கை மீன்தானே விக்கும். நீங்கள் படம் இல்லாத பெட்டியாப் பாத்து ஏறுங்கோ. நான் அங்காலை ஏறுறன்.”

நியாயமாகத்தான் பட்டது. வட்டத்தின் குறுக்கே ஓடிய கோட்டை இருவருமே கண்டோம். அதை அலங்காரம் என்று நினைத்தோம்.

படம் இல்லாத ஒரு பெட்டியில் ஏறினேன். அந்தக் காலத்து ரயில்களில் சில பெட்டிகள் சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். நேரே மேடையிலிருந்து ஏற வேண்டும். அடுத்த நிலையத்தில் கதவு திறக்கும்வரை வேறெங்கும் போக வழியில்லை. உள்ளே என் வயதை ஒத்த நான்கு ஆங்கிலேயப் பெண்மணிகள் இருந்தனர். சைவனுக்கு நால்வர் என்றால் வேறு நினைவு வரும். அன்று எனக்கு வாய்த்த நால்வர் இவர்கள். லண்டனில் நாடகம் பார்க்கப் போகிறார்களாம். வேட்டி, சால்வை, நெற்றி நிறைய நீறு என்று நான் ஏறியதைப் பார்த்து முகமலர்ந்து இடம் விட்டார்கள்.

வண்டி நகர்ந்ததும் நால்வரும் கைப்பைகளைத் திறந்தார்கள். நான்கு சிகரெட்டுகள் வெளியே வந்தன. அவர்களுள் மூத்தவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே, அன்பே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இறைவனைத் தவிர எவரையும் நான் அன்பே என்று அழைத்ததில்லை. என்னை அவ்வாறு அழைத்தவரும் இல்லை. அந்தத் திகைப்பு அடங்குவதற்குள் என் தொண்டை முந்திக்கொண்டது. இருமினேன். பிறகு மெல்லிய குரலில், இது புகைக்காதோர் பெட்டி என்று எண்ணி ஏறியதைச் சொன்னேன். படத்தைப் பார்த்து நாங்கள் கண்ட தத்துவத்தையும் விளக்கினேன். நால்வரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். குறுக்குக் கோடு போட்டால் கூடாது என்று பொருளாம். படம் இல்லாத இந்த அறைதான் அவர்களுக்கு உரியது.

அப்படியானால் தவறு என்னுடையது. அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்குப் போகிறேன், நீங்கள் பற்றவையுங்கள் என்றேன். மற்றப் பெட்டிகளில் நிற்கவும் இடமில்லை, உட்காருங்கள் என்று மூத்தவர் அதட்டினார். எங்கே போகிறேன் என்று கேட்டார். மருமகளின் திருமணத்தையும், தகப்பன் இல்லாததையும், நான் பாட வேண்டியதையும் சொன்னேன்.

தீப்பெட்டி பைக்குள் போயிற்று. அதன் பின்னால் சிகரெட்டுகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒருவர் எழுந்து, பழைய புகை வெளியேறட்டும் என்று சன்னலை இறக்கினார். இன்னொருவர் குளிரும் தொண்டைக்கு ஆகாது என்று அதை ஏற்றினார். இருவரும் சிறிது நேரம் வாதாடிப் பாதியளவில் நிறுத்தினார்கள். மூன்றாமவர் தொண்டைக்கான மிட்டாய் ஒன்றை நீட்டினார். நான் சைவம் என்று தயங்கியதும், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உறையிலிருந்த பொருட்களை எல்லாம் உரக்க வாசித்துக் காட்டிவிட்டே தந்தார்.

அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது. ரயில் காவலர் நின்றார். அவர் பக்கத்தில், அணைந்த சுருட்டும் கையுமாக என் மைத்துனர்.

“அத்தான், படம் போட்ட பெட்டிதானே எண்டு பத்தினன். அவ்வளவு சனமும் என்னைத் திரும்பிப் பாக்குது. இவர் வந்து, பத்திறதெண்டா இஞ்சை வா எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டார்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் முன்னால் சுருட்டோடு நிற்பது அவருக்கு உறைத்தது. கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.

காவலர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். சுருட்டு பாதியில் அணைந்த வாட்டத்தில் மைத்துனரின் மரியாதை சற்றுத் தளர்ந்தது. “அத்தான், குறை நினையாதையுங்கோ. சட்டப்படி இஞ்சைதான் ஏலுமாம்” என்று எதிர்ப்பக்கச் சன்னலை நோக்கித் திரும்பினார். அவ்வளவுதான், நான்கு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. இவருடைய தொண்டையைப் பற்றி உனக்கு அக்கறை இல்லையா என்று மூத்தவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன அத்தான் இது? பத்தக்கூடாத இடத்திலையும் பத்த விடேல்லை, பத்திற இடத்திலையும் பத்த விடுகினம் இல்லை” என்று என்னிடம் முறையிட்டார். அதை நான் மொழிபெயர்த்ததும் அறை முழுவதும் சிரிப்பு.

ரயில் வழியில் சிவப்பு விளக்குக்கு நின்றது. நெடுநேரம் நின்றது. ஒரு பெண்மணியின் விரல்கள் கைப்பையின் கொளுக்கியைத் திறந்து திறந்து மூடின. மூத்தவர் கால்மாற்றி அமர்ந்தார். புகைத்தால் யாரும் கேட்க முடியாத இடம் அது. நான்தான் தவறி நுழைந்தவன். எனினும் ஒருவரும் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

வண்டி மீண்டும் புறப்பட்டபோது, எந்தப் பாட்டுக்காக இவ்வளவு பொறுத்திருக்கிறோமோ அதைச் சிறிதேனும் கேட்க வேண்டும் என்றார்கள். எனக்கும் குரல் வருமோ என்ற பயம் இருந்தது. கண்மூடி, பதிகத்தின் முதலிரண்டு அடிகளைத் தாழ்ந்த சுருதியில் எடுத்தேன். முதல் சொல் கரகரத்தது. இரண்டாவது அடியில் குரல் திறந்துகொண்டது. கண் விழித்தபோது நால்வரும் கோயிலில் இருப்பவர்கள்போல் மடியில் கை வைத்து அமர்ந்திருந்தார்கள். மைத்துனர் மெல்ல, “காணும் அத்தான், மிச்சத்தைப் பிள்ளைக்கு வையுங்கோ” என்றார்.

விக்டோரியாவில் இறங்கி மேடையில் கால் வைத்ததுதான் தாமதம், நான்கு சிகரெட்டுகளும் ஒரு சுருட்டும் ஒரே தீக்குச்சியில் பற்றின. மைத்துனர் மட்டும் எனக்கு முதுகு காட்டி ஒரு தூணைப் பார்த்து நின்றார். அவர்கள் இழுத்த முதல் இழுப்பின் நீளத்தைக் கண்ட பிறகே, எனக்காக அவர்கள் எதைத் தாங்கி வந்திருந்தார்கள் என்பது முழுமையாக விளங்கிற்று.

அன்று நண்பகல் குரல் தடையின்றி வந்தது. மருமகள் தலை குனிந்து முழுவதையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மணவறைக்கு வந்தாள்.

நான் அறிந்த விரதங்கள் எல்லாம் நாள் பார்த்து, பலன் வேண்டி நோற்பவை. ஒரு வழிப்போக்கனின் மருமகளுக்காக அந்த நால்வரும் நோற்றது எந்த விரதத்தில் சேரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலையில் பாடி முடித்து நீறணியும்போது, பெயர் தெரியாத அவர்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர்கள் சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று மட்டும் வேண்டுவதில்லை, அது அவர்கள் உரிமை.