மதுரங்குளிச் சம்பலும் முன்னேஸ்வரத்துக் கிணறும்

புத்தளத்தில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜ் வாசலில் இருந்து வான் புறப்பட்டபோது காலை ஐந்து நாற்பது. முப்பது வருடம் நில அளவையாளனாகக் காடு மேடெல்லாம் அளந்து திரிந்தவன் நான். எங்கே போனாலும் நேரத்தையும் தூரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செமிக்காது. பென்சன் எடுத்த டீச்சரான என் மனைவி சரோவுக்கு இந்தக் கொப்பியைக் கண்ணில் காட்டக்கூடாது.

"கோயிலுக்குப் போறியளோ, றோட்டுப் போடப் போறியளோ?" என்று வானில் ஏறும்போதே கேட்டாள்.

போவது மூன்று பழைய கோயில்களுக்கு. உடப்பு திரௌபதி அம்மன், அதன் பிறகு மானாவரி, கடைசியாக முன்னேஸ்வரம். கொக்குவிலில் இருந்து முதல்நாள் பஸ்ஸில் வந்து புத்தளத்தில் இறங்கி, ஒரு நாளுக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் பேசி வான் பிடித்திருந்தோம். சாரதி நசாருக்கு ஐம்பது வயது மட்டில் இருக்கும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயதாம். "வந்தது ஒரு சாரத்தோட. இப்ப பேரப்பிள்ளையும் புத்தளத்தான்" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினார்.

இது சும்மா ஊர் பார்க்கப் போன பயணம் இல்லை. லண்டனில் இருக்கும் எங்கள் ஒரே மகள் சுகன்யாவுக்கு அன்றைக்கு ஒப்பரேசன். கழுத்தில் ஒரு கட்டி. கட்டியை எடுப்பது பெரிய காரியம் இல்லை, ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே போகிறது, அதில் ஏதும் பட்டால் குரல் போகலாம் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவளோ வாயை மூடத் தெரியாத பிள்ளை. நாளுக்கு இரண்டு தடவை எடுத்து, லண்டன் மழையில் இருந்து பக்கத்து வீட்டுப் பூனை வரை கதைப்பாள். அந்தக் குரல் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒப்பரேசன் லண்டனில் காலை எட்டு மணிக்கு. இங்கே பகல் பன்னிரண்டரை. நாள் குறித்த உடனேயே சரோ நேர்த்தி வைத்துவிட்டாள். நாற்பத்தொரு நாள் மச்சம் தொடுவதில்லை, கடைசி நாளன்று முன்னேஸ்வரத்தில் பிள்ளையின் பேருக்கு அர்ச்சனை, அதுவும் ஒப்பரேசன் தொடங்கமுதல். மீன், இறைச்சி, முட்டை எதுவும் வீட்டுப்படி ஏறவில்லை. எனக்குப் பக்தி மட்டுமட்டுத்தான். வீட்டில் சைவமும் ரவுணுக்குப் போனால் மீன் கட்லட்டுமாக நான் காலத்தை ஓட்டினேன்.

காலை 6.20. பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பாதை பிரிகிற இடத்தைத் தாண்டி, மதுரங்குளியில் வான் நின்றது. புத்தளத்தில் இருந்து இருபது கிலோமீற்றர். வீதியோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. நசார் முன்னால் போய், "இவங்க மரக்கறி ஆக்கள். மீன், இறைச்சி ஒண்டும் வேணாம், பாத்துக் குடுங்க" என்று தெளிவாகவே சொன்னார். நான் சாட்சி.

கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "யாழ்ப்பாணமா? நானும் அங்கதான் பிறந்த. அஞ்சு சந்திக்குக் கிட்ட எங்கட வீடு. வாப்பா சாகும் மட்டும் அந்தக் கதைதான்." பிறகு அவர் எங்களை விடவே இல்லை. சுடச்சுட ரொட்டி, பருப்புக் கறி, நல்ல சிவப்பாக ஒரு சம்பல். "ஊர் ஆக்கள், வெக்கப்படாமத் தின்னுங்க" என்று சரோவின் கோப்பையில் இரண்டாம் தரமும் சம்பலை அள்ளி வைத்தார்.

முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாசி! இடித்த மாசிக்கருவாடு, வெங்காயத்தோடும் கொச்சிக்காயோடும் சேர்ந்து நாக்கில் ஏறுகிற அந்த உருசி. எங்கள் பக்கத்தில் சம்பலுக்கு மாசி போடுகிற பழக்கம் குறைவு. சரோவுக்கு அது பிடிபடவில்லை. லொட்ஜ் ஏசியில் படுத்து அவளுக்குத் தடிமன் வேறு, மூக்கு அடைத்திருந்தது.

கை கழுவப் போன இடத்தில் கடைக்காரரை மெல்லக் கேட்டேன்.

"தம்பி, சம்பலுக்கு மாசி போட்டிருக்கோ?"

"ஓம் சேர். மாசி இல்லாம என்ன சம்பல்?"

"மச்சம் வேண்டாம் எண்டு சொன்னதே..."

"மீன் வேணாமெண்டுதானே சொன்னாங்க. நான் மீன் வைக்கல்லயே. மாசி எண்டது உப்பு, புளி மாதிரித்தானே சேர்."

அவரில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஆறு கிழமையாகக் கொறித்துக்கொண்டிருந்த மனுசி மூன்றாவது ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல கைப்பக்குவம், என்ன?" என்றாள். நான் "ஓம்" என்றேன். சொன்னால் நாற்பத்தொரு நாளும் அந்த மேசையிலேயே கவிழ்ந்துவிடும். தெரியாமல் சாப்பிட்டது எந்தக் கணக்கிலும் வராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

காலை 7.35. பத்துளு ஓயாவில் வலப்பக்கம் திரும்பி, வாய்க்காலையும் இறால் பண்ணைகளையும் கடந்து உடப்பு. பெயர்ப்பலகை தொடக்கம் சண்டை வரை எல்லாம் தமிழில் நடக்கிற ஊர். வீடுகள் ஒன்றோடொன்று தோள் முட்டி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே திரௌபதி அம்மன் கோயில். ஆடியில் இங்கே தீமிதிப்பு நடக்கும்போது நிற்க இடம் கிடைக்காது என்றார் நசார். நாங்கள் போன நேரம் ஐந்தாறு பெண்கள் மட்டும். கோயிலுக்கு அந்தப்புறம் கடல், கரையில் வலை இழுக்கிற ஆட்கள், காற்று முழுவதும் கருவாட்டு மணம். சரோ கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தூண்களை எண்ணினேன்.

காலை 9.50. மானாவரி சிலாபத்துக்கு வடக்கே, பிரதான வீதியில் இருந்து அதிகம் விலகாத சிறிய கோயில். இராவணனைக் கொன்ற பாவம் பின்தொடர, அதைத் தீர்க்க இராமர் இந்தக் கரையில் சிவனைக் கும்பிட்டார் என்றும், மானாவரி மணல் லிங்கம் அவர் கையால் வைத்தது என்றும் சொல்வார்கள். நான் நசாருக்கு இந்தக் கதையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் வான் கதவில் சாய்ந்தபடி, "அவ்வளவு பெரிய ஆளுக்கும் பயம் வந்திருக்கு, என்ன?" என்றார்.

சரோ வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைப் போட்டாள். முகம் தெளிந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, என்ர பக்கத்தால ஒரு பிழையும் இல்லை. நாற்பத்தொரு நாளும் ஒழுங்காய் இருந்திட்டன். இனிப் பிள்ளைக்கு ஒண்டும் நடவாது" என்றாள்.

அந்தச் சொல் என்னை நேரே வந்து குத்தியது. அதற்குப் பிறகு வீதியில் எத்தனையாவது கிலோமீற்றர் என்று என் கொப்பியில் ஒன்றும் எழுதப்படவில்லை. பிள்ளைக்கு ஏதும் நடந்து, பிறகு ஒரு நாள் இது இவளுக்குத் தெரியவந்தால்? அது பெரிய பயம். அதைவிடப் பெரிய பயம், இது உண்மையிலேயே கணக்கில் வருகிற விஷயமாக இருந்தால்? பக்தி இல்லாதவனுக்குப் பயம் வராது என்று யார் சொன்னது?

முற்பகல் 11.05. சிலாபம் நகரத்தில் இருந்து குருநாகல் வீதியில் மூன்று கிலோமீற்றருக்குள் முன்னேஸ்வரம். கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. வாசலுக்கு முன்னால் பழத்தட்டு விற்கிற கடைகள். விற்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் சிங்களவர்கள். வெள்ளை உடுத்த குடும்பங்கள் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு தட்டு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், மேலே ஒரு தாமரை. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னாள்.

சரோ தட்டைக் கையில் ஏந்தினாள். சரிந்த தாமரையை நேராக்கிவிட்டு, பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை.

"சரோ, கொஞ்சம் நில். இப்பதான் யோசிச்சனான். காலமை அந்தச் சம்பல்... அதுக்குள்ள மாசி இருந்திருக்கும்போல."

அவள் என்னைப் பார்த்தாள். தட்டைத் திரும்பக் கடை மேசையில் வைத்தாள். நசாரின் முகம் செத்துவிட்டது. "அல்லாஹ்! டீச்சர், நான் சொல்லித்தானே குடுத்த. இருங்க, கடைக்குக் கோல் எடுத்துக் கேட்டுப் பாக்கிறன்" என்று போனை எடுத்தார்.

"வேண்டாம், வேண்டாம்" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

மூன்று பேரும் வெயிலில் நின்றோம். பதினொன்று இருபது. நசார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், கோவிக்காதீங்க. கொலை செஞ்ச பாவத்தோட ஒருத்தர் வந்த இடமெண்டு சேர் சொன்னார். இது தெரியாமத் தின்ன மாசிதானே" என்றார்.

"அவர் பாவத்தை ஒளிக்கேல்லை. வந்து சொன்னவர்" என்றாள் சரோ. பிறகு அவள் கடைக்காரப் பெண்ணைக் காட்டி, "நசார், இந்தப் பிள்ளையிட்டக் கேளுங்கோ, கிட்டடியில கிணறு இருக்கோ எண்டு. நான் தோய வேணும்" என்றாள்.

எங்கள் ஊரில் அதுதான் முறை. மச்சம் சாப்பிட்டவர் தலையில் தண்ணீர் வார்த்துத் தோய்ந்துவிட்டுத்தான் கோயில் படி மிதிக்கலாம். நசார் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். சம்பல் என்ற சொல்லும் லண்டன் என்ற சொல்லும் எனக்கு விளங்கின. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் பாரம் கொடுத்து, சரோவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் இருந்த தன் வீட்டுக்கு நடந்தாள்.

வேலிக்கு இந்தப்புறம் நானும் நசாரும் நின்றோம். வாளி கிணற்றில் விழுகிற சத்தம் கேட்டது, தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியவன் பதினேழில் விட்டுவிட்டேன். அழுகிறாளோ என்று காது கொடுத்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை. பிறகு எனக்கும் புத்தி வந்து, அவள் வந்ததும் நானும் போய் நாலு வாளி வார்த்துக்கொண்டேன்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு ஈரச் சேலையோடு சரோ உள்ளே போனாள். பின்னால் நான். ஈரத்தைக் கண்டு முன்னால் நின்ற ஒரு குடும்பம் தானாக விலகி வழி விட்டது. ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். "சுகன்யா, சுவாதி" என்றாள். அர்ச்சனை முடிந்து விபூதி வாங்கித் திரும்பும்போது மணி அடித்தது, திரை விழுந்தது. அந்த மணிக்கு நான் கும்பிட்டேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன், முழு மனதோடுதான் கும்பிட்டேன்.

பிற்பகல் முழுவதும் சரோ என்னோடு கதைக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட நசாரிடம் கேட்டாள். சிலாபத்தில் மரக்கறிச் சோறு வாங்கினோம், அவள் தொடவில்லை. கடற்கரையில் மாதா சுரூபம் ஒன்றின் அருகே நிழல் பார்த்து வானை நிறுத்தினார் நசார். கொழும்புப் பஸ் அடிக்கொருக்கால் போனது. இரண்டு மணி, மூன்று மணி. உங்கள் வேலை முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம் என்று நசாரிடம் சொன்னேன். "விசயம் தெரியாம எப்படிப் போற?" என்று அசர் தொழுகைக்குப் போய்விட்டு மறுபடி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

மாலை 4.50. சரோவின் போன் அடித்தது. மருமகனின் இலக்கம். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீங்க எடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

காதில் வைத்தேன். யாரோ மூச்சு விடுகிற சத்தம். அதன் பிறகு, தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி, "அப்பா."

வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. சரோ என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "என்னவாம்? கதைக்கிறாளோ, இல்லையோ?" என்று கத்திக்கொண்டு போனைப் பறித்தாள். அந்தப் பக்கத்தில் இருந்து "அம்மா" என்று வந்திருக்க வேண்டும். "கதைக்காதை பிள்ளை, கதைக்காதை, தொண்டை நோகும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நசார் வானை விட்டு இறங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

கொழும்பில் தங்கிவிட்டு ஊர் திரும்புகிற திட்டத்தில் ஆறு மணிக் கொழும்புப் பஸ்ஸில் ஏறினோம். மதுரங்குளியையும் உடப்பையும் விட்டுத் தெற்கே போகப் போகப் பெயர்ப்பலகைகளில் தமிழ் சிறுத்துக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கிணறு மதிலுக்கு உள்ளேயே இருக்கும். இங்கே அதை ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் வீட்டு வளவுக்குள் கண்டோம். அவளுடைய பெயரைக் கேட்க மறந்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குள்ள ஒரே குறை என்று சரோவிடம் சொன்னேன். மாராவில தாண்டும்போது அவள் என் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"நீங்க மனசில பட்ட உடன சொன்னதுதான் பிள்ளையைக் காப்பாத்தினது. ஒளிச்சு வைச்சிருந்தா என்ன நடந்திருக்குமோ, ஆருக்குத் தெரியும்" என்றாள்.

நான் "ஓம்" என்றேன். மதுரங்குளியில் முதல் வாயிலேயே எனக்குத் தெரியும் என்பதை இதுவரை அவளுக்குச் சொல்லவில்லை. நான் எழுதுகிற எதையும் முதலில் எடுத்து வாசித்து, பிழை திருத்தித் தருகிறவள் அவள்தான்.