அந்தக் குத்து யாருடையது

குத்துச்சண்டையில் எதிராளியை எழுந்திருக்க முடியாதபடி நான் விழ வைத்தது ஒரே ஒரு முறைதான். அது திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா என்று கேட்டால் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது முடியாமல் போனது. நான் ஊரைவிட்டுக் கிளம்ப முடியுமா முடியாதா என்பதே அந்தப் பதிலில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, கொல்லத்தில் ஹோட்டல், ஈரோட்டில் லாரி செட்டு என்று சுற்றியிருக்கிறேன். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. சேரன்மகாதேவியில் அம்மா பீடி சுற்றிக்கொண்டு தனியாக இருந்தாள். கொல்லத்திலிருந்து திரும்பியிருந்த சமயம், பாளையங்கோட்டையில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், ராணுவத்திலிருந்து வந்த ஒருவர் குத்துச்சண்டை பழக்கினார். மாஸ்டர் என்போம். மூட்டை தூக்கிய தோளைப் பார்த்து என்னையும் உள்ளே கூப்பிட்டார். சாயந்தரம் போவதற்கு வேறு இடம் இல்லை, போனேன்.

தூத்துக்குடியில் ஒரு பள்ளி மைதானத்தில் போட்டி. எதிரே நின்றவன் புன்னக்காயல்காரன், என் வயதுதான், கடலுக்குப் போகிறவன். முதல் இரண்டு சுற்றும் அவன்தான் அடித்தான், நான் வாங்கினேன். மூன்றாவது சுற்றில் வியர்வை இறங்கி இரண்டு கண்ணும் எரிந்தன. முதுகு கயிற்றில் இடித்தது. பின்னால் போக வழியில்லை. இடது கையை மடக்கி வீசினேன். அது எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. கையில் கூட ஒன்றும் தெரியவில்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்து வேகமாகத் தள்ளிய கதவு, ஏற்கெனவே திறந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவன் கீழே கிடந்தான். நடுவர் பத்து எண்ணி முடித்தார். டாக்டர் ஏறி வந்தார். அவன் கண்ணைத் திறக்கும்வரை யாரும் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவில்லை. போட்டி நடந்த அன்று சாயந்தரமே அவள் குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினம் இருக்கும் திசையைப் பார்த்து நின்று அம்மனுக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். பிள்ளை உயிரோடு ஜெயித்து வந்தால், கை கால் ஓடுகிற வரைக்கும் வருடா வருடம் தசராவுக்குக் காளி வேடம் கட்டுவான். நேர்ந்தது அவள், கட்ட வேண்டியது நான்.

குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்குக் காளி கட்டுவது லேசான காரியமில்லை. கடலில் குளித்து மாலை போட்டுவிட்டால் பிறகு வாரக்கணக்கில் விரதம். வீட்டுக்குள் படுக்கக் கூடாது. வாய்க்கால் கரையில் ஓலைக் குடிசை போட்டு, தனியாக அடுப்பு மூட்டி, ஒரு நேரம் பச்சரிசிச் சோறு. கொடியேறிய பிறகு சடைமுடி, கிரீடம், மரக் கைகள், தொங்கும் நாக்கு எல்லாம் கட்டிக்கொண்டு மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்க வேண்டும். கடைசி நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம். விரும்பிக் கட்டுகிறவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரீடத்தின் கம்பி நெற்றியை அழுத்துவதுதான்.

ஒரு வருடம் கட்டாமல் ஈரோட்டுக்கு ஓடிப்போனேன். மஞ்சள் காமாலை வந்து லாரி செட்டிலேயே சுருண்டு கிடந்தேன். தண்ணீர் சரியில்லை என்றார் டாக்டர். அதே தண்ணீரைத்தானே மற்றவர்களும் குடித்தார்கள் என்று அம்மா கேட்டாள். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஓடவில்லை.

குத்துச்சண்டையும் அந்த ஒரு வெற்றியோடு நிற்கவில்லை. இன்னும் இரண்டு போட்டிக்குப் போனேன். இரண்டிலும் அந்த இடது கைக்கு ஒரு இடம் கிடைக்கும் என்று காத்திருந்து காத்திருந்தே புள்ளிகளில் தோற்றேன். ஆலையில் என்னோடு மூட்டை தூக்கியவர்கள் அன்று விழுந்தது குருட்டடி என்று முடிவு கட்டினார்கள். மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. மண் மூட்டையில் அடித்து அடித்துப் பழகிய கை, கண் பார்க்காவிட்டாலும் தானே போகும் என்றார். அம்மாவுக்கு அது அம்மன். நான் மூன்று தரப்பிடமும் தலையாட்டினேன்.

போன வருடம் சவூதியில் கட்டட வேலைக்கு விசா வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆள் அனுப்பும் அண்ணாச்சி ஒருவர் ஏற்பாடு செய்தார். மருத்துவப் பரிசோதனை முடிந்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். கடலைத் தாண்டிவிட்டால் குடிசையும் கிடையாது, கிரீடமும் கிடையாது. ஆனால் டிக்கெட் விழுந்த தேதி, விரதத்துக்கு நட்ட நடுவில். தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏலே, சாமி காரியம்னா நாங்கூட தள்ளி வைப்பேன். பிளேனு வைக்குமா?" என்றார் அண்ணாச்சி. "ஒரு வாரத்துல சொல்லு. ஒனக்குப் பின்னால ஆளு நிக்குதான்."

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. குத்து என்னுடையது என்றால் அம்மனுக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அது யாருடையது என்று சொல்லத் தகுதி உள்ளவன் ஒருவன்தான், அதை வாங்கியவன். ஆத்தூர் வழியாகப் புன்னக்காயலுக்குப் பஸ் ஏறினேன்.

ஆறு கடலில் சேருகிற இடத்தில், கரையேற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து அவன் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். அவன்தான் முதலில் என்னை அடையாளம் கண்டான்.

"வாரும் வே. மிச்சத்தையும் அடிக்க வந்தீரோ?"

அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்தானா அது என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். வந்த காரணத்தைச் சொன்னேன். நேர்ச்சை, விசா, டிக்கெட் எல்லாம். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"நல்ல அடி வே அது," என்றான். "கொஞ்சம் மேல பட்டிருந்தா கன்னம், கீழ பட்டிருந்தா தோளு. வெவரம் தெரியாதவன் அங்கன வைக்க முடியாது."

நான் பார்க்காமல் வீசினேன் என்றேன். ஊசி நின்றுவிட்டது.

"அத எங்கிட்ட சொல்லாதயும். குருட்டடின்னு இந்த ஊருல ஒருத்தன் சொன்னான். அவன் கூட நான் இன்னும் பேச்சு வச்சிக்கிடல."

எழுந்து மணலில் வந்து நின்று, வீசிக் காட்டும் என்றான். பைய வீசினேன். அவன் அன்றைக்குச் சாய்ந்தது போலச் சாய்ந்தான். என் கை அவன் தாடைக்கு ஒரு சாண் முன்னாலேயே கடந்து போனது. மறுபடியும் வீசினேன், மறுபடியும் எட்டவில்லை. அவன் காலை அரையடி முன்னால் எடுத்து வைத்து, என் கை முட்டியில் தாடையைத் தொட வைத்தான்.

"இங்கனதான் நின்னேன்," என்றான். "நல்லா ஞாபகம் இருக்கு."

பிறகுதான் அவன் பக்கத்துக் கதையைச் சொன்னான். போட்டியைப் பார்க்க அவன் அம்மா வந்திருந்தாள். அவன் மயங்கிக் கிடந்தபோது மாதாவிடம் அழுதிருக்கிறாள். பிள்ளை எழுந்தால் இனிக் கையுறையைத் தொட மாட்டான், திருவிழாவுக்குத் திருவிழா சப்பரம் தூக்குவான் என்று. அவனையும் யாரும் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஆட வேண்டியவன் என்று அவனைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

"அடிச்சதுக்கு நீரு காளி கட்டுதீரு. விழுந்ததுக்கு நான் சப்பரம் தூக்குதேன்," என்று லேஞ்சித் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "ரெண்டு பேரும் அன்னைக்கு வீட்லயே கெடந்திருக்கலாம் வே."

சிரித்தோம். கிளம்பும்போது, உம்ம அம்மாகிட்ட நான் சொன்னதாகவே சொல்லும், அது திறமையான அடிதான் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினான். பஸ்ஸில் வரும்போது அந்த அரையடியை நினைத்துக்கொண்டே வந்தேன். எனக்காக எடுத்து வைத்தானா, தனக்காக எடுத்து வைத்தானா, உண்மையிலேயே அங்கேதான் நின்றானா தெரியவில்லை. கேட்டால் அவனுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வேண்டிய பதில் கையில் இருந்தது. அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

அம்மா முறத்தை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருந்தாள். அடி வாங்கியவனே சொல்லிவிட்டான், அது என் அடிதான் என்றேன்.

"நான் இல்லைன்னா சொன்னேன்?" என்றாள். "கை ஒன் கைதான். கண்ணு தெரியாம நின்ன ஒன் கைய அங்கன கொண்டு போனது யாரு?"

பழக்கம் என்றேன். அந்தப் பழக்கத்துக்கு உன்னை மூட்டை தூக்க வைத்து அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்றாள். அதிர்ஷ்டம் என்று சொல்லியிருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்கும் பெயர் அம்மன்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மைதானத்துக் கயிறு போல ஏதோ முதுகில் இடித்தது. குரலை உயர்த்தி, நான் போகத்தான் போகிறேன் என்றேன்.

"போயேன். நானா தடுக்கேன்?" என்றாள். விரல் நிற்கவில்லை, நூல் சுற்றிக்கொண்டே இருந்தது. "மாலைய நான் போட்டுக்கிடுதேன். ஒனக்குப் பதிலா நான் கட்டுதேன்."

மிரட்டலாக அவள் அதைச் சொல்லவில்லை. கடைக்கு நான் போய்க்கொள்கிறேன் என்பதுபோலச் சொன்னாள். கட்டவும் செய்வாள். வயதான பெண்கள் கட்டுவது உண்டு. நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து குனிந்து குனிந்து பீடி சுற்றி, நிமிர்ந்து வானம் பார்க்க முடியாத கழுத்து. அதன் மேல் அந்தக் கிரீடம் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். அண்ணாச்சிக்குப் போன் செய்து பின்னால் நிற்கிற ஆளை அனுப்பச் சொன்னேன். கடலில் குளித்து மாலை போட்டேன். வாய்க்கால் கரையில் முந்தின வருடத்துக் குடிசைக் குழிகள் மூடாமல்தான் இருந்தன. அதிலேயே கம்பு நட்டேன்.

தசரா சமயத்தில் எங்கள் குழு ஜங்ஷன் கடைத்தெருவுக்குக் காணிக்கை வாங்கப் போனது. அண்ணாச்சியின் கடை முன்னால் மேளம் நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, கையைக் கூப்பி நின்றார். வேடத்துக்குள் இருப்பது நான் என்று அவருக்குத் தெரியவில்லை. கறுப்பு மையும் சிவப்பும் பூசிய முகத்தில் யாருக்கும் தெரியாது.

"தாயே, போன மாசம் சவூதிக்கு ஒருத்தன ஏத்தி விட்டேன்," என்றார். "புதுப் பய. அங்கன அவனுக்கு ஒரு கொறையும் வரக் கூடாது. ஒரு வாக்கு சொல்லும்மா."

வேடத்து நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும்போது பேச முடியாது. இடது கையில் தீச்சட்டி இருந்தது. அடியில் வேப்பிலையை எவ்வளவு வைத்தாலும் சூடு உள்ளங்கைக்கு வந்துவிடும், வேறு கைக்கு மாற்றவும் கூடாது. நான் வலது கையால் திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினேன். அவனுக்கும் சேர்த்து என்று இன்னொரு சிட்டிகை கேட்டார். எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதை அவர் ஒரு தாளில் பத்திரமாக மடித்தார். மேளம் அடுத்த கடைக்கு நகர்ந்தது, நானும் அதன் பின்னால் போனேன்.