தள்ளாமல் கிளம்பிய வண்டி

1. நோட்டீஸ்

புது ரேஸ் சீசனுக்கான நோட்டீஸ் மெட்ராஸிலிருந்து வந்த அன்று, நான் முதலியார்பேட்டை ஷெட்டில் ரேஸ் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிக் கரி சுரண்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. அந்த ஷெட்டில் எனக்கு மூன்றாவது வருஷம். அதற்கு முன்னால் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. ஐந்தாம் வகுப்போடு விழுப்புரத்தில் லாரி ஏறியவன். சேலம், ஹூப்ளி, கோலாப்பூர் என்று பட்டறை பட்டறையாகப் போனவன். எல்லா ஊரிலும் படுக்கை பழைய டயர் மேல்தான். இங்கேயும் அப்படித்தான். ஆனால் இங்கிருந்து கிளம்பத் தோன்றவில்லை. காரணம், ஏழு அடி.

ஷெட்டும் வண்டியும் முசே அந்துவானுடையவை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அது; அவரைப் போன்றவர்களைச் சொல்தா என்பார்கள், ஐயா என்பதற்கு முசே என்பார்கள். முழங்காலில் குண்டு பட்டிருந்தது. வண்டியில் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. ஓட மட்டும் முடியாது.

அந்தக் காலத்தில் ரேஸ் ஆரம்பிக்கும்போது இன்ஜின் அணைந்திருக்கும். கொடி விழுந்ததும் ஓட்டுகிறவர்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, கிளட்சை விட்டு, இன்ஜின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். முசேக்கு மட்டும் காலைக் காரணம் காட்டித் தள்ள ஒரு ஆள் அனுமதித்திருந்தார்கள். அந்த ஆள் நான். சீட்டுக்குப் பின்னால் இரண்டு கையையும் ஊன்றி ஏழு அடி ஓடுவேன். ஏழாவது அடியில் அவர் "விடு" என்பார். இன்ஜின் பிடிக்கும். வண்டி என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் அவ்வளவு ஜனம் பார்க்க, புகைக்குள் தார் மேல் நான் ஒருவன் நிற்பேன். பிறகு ஓரத்துக்கு ஓடிவந்துவிட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு நாள், மெட்ராஸ் பக்கம் சோழவரம் ரேஸில், அவ்வளவுதான். அதற்காகத்தான் மீதி நாளெல்லாம் டயர் மேல் படுத்தேன்.

நோட்டீஸைப் படித்துச் சொன்னவர் மதாம். முசேயின் மனைவி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

"நம்பர் பிளேட்டு இனிமே வெள்ளை. மஞ்சள் செல்லாது. பெட்ரோலு அவங்க டிரம்லேர்ந்துதான் புடிக்கணும். ஹெல்மெட்டு முகம் பூரா மூடணும்."

"மூஞ்சிய மூடிட்டா என் அழக யாரு பாக்கறது?" என்றார் முசே.

"மூடறதுதான் ஜனங்களுக்கு நல்லது" என்றுவிட்டு மேலே படித்தார். "இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஸ்டார்ட்டு. கொடி தூக்கினப்புறம் கோட்டுல ஓட்டறவங்களத் தவிர ஒருத்தரும் நிக்கக் கூடாது."

நான் சுரண்டுவதை நிறுத்தினேன்.

"டே கலியா, நம்ம வண்டி ஸ்லோல நிக்குமா?" என்று கேட்டார் முசே.

ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் அணையாமல் ஓடுவதைத்தான் ஸ்லோவில் நிற்பது என்போம். எங்களுடையது ரேசுக்கென்று ட்யூன் செய்த டூ-ஸ்ட்ரோக். ஸ்லோவில் விட்டால் பிளக் எண்ணெயில் நனைந்து அணைந்துவிடும். கியர் போட்டால் கிளட்ச் ஒட்டிக்கொண்டு முன்னால் இழுக்கும்.

"நிக்காது முசே."

"நல்லா பாத்து சொல்லு. நிக்கலன்னா மதாம் லெட்டர் எழுதட்டும். இந்த வருஷமும் தள்ளிக்கறோம்னு கேட்டுப் பாக்கலாம்."

2. ஏமாற்றிய வாரம்

அந்த ஒரு வாரம் நான் வேலை செய்வதுபோல் செய்தேன். கார்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை இப்படி அரைத் திருகு, அப்படி அரைத் திருகு. காலையில் ஊர் ஓரத்திலிருந்த மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டைக்குப் போட்டிருந்த புதுத் தார் ரோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய் முசேக்கு ஸ்லோவில் விட்டுக் காட்டுவேன். ஒரு நிமிஷத்தில் அணையும். "பாத்தீங்களா?" என்பேன். வேலைக்குப் போகிற சைக்கிள்காரர்கள் ஒரு காலை ஊன்றி நின்று, "என்னாபா, இன்னிக்கும் தூங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

என்ன செய்தால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கோலாப்பூரில் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை மதாம் ஷெட்டுக்கு வந்தார். கையில் லெட்டர் எழுதும் தாள்.

"எழுதிடட்டுமா?"

"எழுதுங்க மதாம்."

அவர் பேனாவைத் திறக்கவில்லை. "சோழவரத்துல நீங்க கோட்டுக்கு வரும்போது ஜனம் என்னா கத்தும், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "தள்ளுவண்டி வந்துடுச்சிடா! சுண்டல் இருக்கா?" என்று கத்துவார்கள். நான் கையை ஆட்டிச் சிரிப்பேன்.

"நீ சிரிப்ப. அவரு வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சரியா சாப்புட மாட்டாரு. பட்டாளத்துல அடிபட்டப்ப ரெண்டு பேரு தூக்கியாந்து போட்டாங்களாம். யாராவது பின்னாலேர்ந்து தள்ளினா அதுதான் ஞாபகம் வருதாம். நீ ஆசையா ஓடறன்னு உங்கிட்ட சொல்ல மாட்டன்றாரு." தாளை மடித்தார். "உண்மைய சொல்லு கலியா. நிக்குமா, நிக்காதா?"

தள்ளுகிற நேரத்தில் நான் அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை.

"நாலு நாளு குடுங்க மதாம்" என்றேன்.

3. செய்த வேலை

கிளட்சைப் பிரித்தேன். ஸ்டீல் பிளேட்டுகள் லேசாக வளைந்திருந்தன. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ஒவ்வொரு பிளேட்டாகத் தட்டையாகும்வரை தேய்த்தேன். ஒரு பிளேட்டுக்கு அரை நாள்கூட ஆனது. விரல் நுனி தேய்ந்து ரத்தம் வந்தது; கிரீஸ் தடவிக்கொண்டேன். ஸ்லோவில் பெட்ரோல் விடுகிற ஜெட்டை மாற்றினேன். எண்ணெயில் நனைந்தாலும் அணையாதபடி ஒரு சைஸ் சூடான பிளக் போட்டேன். கிளட்ச் ஸ்பிரிங் நாலையும் ஒரே அளவுக்கு முடுக்கினேன். கடைசியாக நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை அடித்தேன்.

நாலாம் நாள் காலை, அதே ரோடு. முசே கியர் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி இழுக்கவில்லை. அணையவும் இல்லை.

"டேய்! நிக்குதுடா!" என்று கத்தினார். அப்படியே கிளட்சை விட்டுப் போய்விட்டார். நான் தொடாமல் அந்த வண்டி கிளம்பியதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு சைக்கிள்காரர் சொன்னார்: "என்னாபா, உன்ன வுட்டுட்டுப் போய்ட்டாரு?"

4. கயிற்றுக்கு இந்தப் பக்கம்

சோழவரத்தில் ஜனத்தோடு ஜனமாகக் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். எல்லா இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்ததால் யார் என்ன கத்தினாலும் கேட்டிருக்காது. கொடி விழுந்தது. என் கால் ஓடிவிட்டது. இரண்டாவது அடியிலேயே கயிறு மார்பில் இடித்தது. ஒரு செருப்பு எகிறி அந்தப் பக்கம் போய் விழுந்தது. முசே மற்றவர்களோடு ஒன்றாகக் கிளம்பிப் போனார். ஐந்தாவதாக வந்தார். அதற்கு முன் அவர் அவ்வளவு முன்னால் வந்ததில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை.

"நின்னுச்சுடா கலியா."

"பாத்தேன் முசே."

"கெளம்பும்போது ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். நீ இல்ல." பிறகு என் காலைப் பார்த்தார். "ஒரு செருப்பு எங்கடா?"

"அங்க கெடக்குது" என்றேன்.

அடுத்த மழை முடிந்ததும் கிளம்பினேன். சண்டை ஒன்றும் இல்லை. மதாம் இரண்டு வேளைக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். முசே பஸ் ஸ்டாண்டுவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

பட்டறையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வேலை ஆகாது என்று சொல்வதற்கு முன்னால், அது நிஜமாகவே ஆகாதா, இல்லை ஆகிவிட்டால் உனக்குப் பிடிக்காதா என்று பார்த்துக்கொள். நான் ஒரு வாரம் தாமதமாகத்தான் பார்த்தேன். பார்த்த பிறகு செய்த கிளட்ச் வேலைதான் என் கையில் வந்ததிலேயே சுத்தமான வேலை.

எண்பதுகளில் எத்தனையோ ஊர் மாறினேன். இன்றைக்கும் எந்த ரோட்டிலாவது கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், யாரும் கூப்பிடாமலே போய்ப் பின்னால் கை வைத்துவிடுகிறேன். ஏழாவது அடியில் கை தானாக எடுத்துக்கொள்கிறது. வண்டிக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டுகிறார்கள்.

"யோவ், ஏன்யா விட்ட? இன்னும் தள்ளுய்யா!"